முழங்கால் அளவுக் கடல்

சேலைக் கொசுவத்தை இடது கையால் அள்ளி முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பை வலது கை விரல்களில் தொங்கவிட்டபடி, கீழக் கடைவீதியின் நடுவே காலால் துழாவித் துழாவி நடந்துபோன தில்லைநாயகி, டீக்கடைப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டதும் நின்றாள்.

“என்ன தலைவரம்மா, இன்னைக்கு ஆழம் கூடவா?” என்றார் டீக்கடை பிச்சைக்கனி.

அவள் கொசுவத்தை விட்டாள். செருப்பைக் கீழே போட்டு, குனியாமல் விரல்களாலேயே தேடி மாட்டிக்கொண்டாள்.

“ஆழமும் இல்லை, மேடும் இல்லை. புதுச் செருப்பு, கடிக்குது.”

“செருப்பு கடிச்சா செருப்பைக் கழட்டணும். சேலையை எதுக்குத் தூக்குறீங்க?”

“உங்க கடை வாசல் லட்சணம் அப்படி. பெருக்கி எத்தனை நாளாச்சு?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தில்லைநாயகி நிமிர்ந்து நடந்தாள். சேலைக்கரை தண்ணீருக்குள் அமிழ்ந்து, நனையாமல், கணுக்காலைத் தொட்டுத் தொட்டு வந்தது. மடவை மீன் கூட்டமொன்று அவளுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்து, அவள் கடந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டது. அதைப் பார்க்காதவள் மாதிரி நடப்பதுதான் கஷ்டம். அவள் சேந்தன்துறைப் பேரூராட்சியின் தலைவி, ஆளுங்கட்சி. சேந்தன்துறையில் தண்ணீர் இல்லை என்பது ஆளுங்கட்சியின் நிலைப்பாடு.

தண்ணீர் வந்தது ஒரு பங்குனி மாதக் காலையில், பால் பூத் திறப்பதற்கும் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கும் நடுவில். புயல் இல்லை, மழை இல்லை, அலைச்சத்தம் இல்லை. கடல் தன் இடத்திலிருந்து எழுந்து, கரையில் ஏற்றிவைத்திருந்த படகுகளைத் தாண்டி, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, கீழத்தெருவுக்குள் நுழைந்து, அழைப்பிதழ் வைத்த வீட்டுக்கு வருகிறவரைப்போல நிதானமாக ஒவ்வொரு வாசலிலும் எட்டிப்பார்த்து, கடைவீதி வழியாக மேலேறி, பஸ் ஸ்டாண்டின் மூன்றாவது படியில் வந்து நின்றது. யாருடைய பாயையும் நனைக்கவில்லை. எந்த அடுப்பையும் அணைக்கவில்லை. சாயங்காலம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. மறுநாள் மறுபடி வந்தது. பிறகு வராத நாளே இல்லை.

ஊரில் பாதிப் பேருக்கு அது தெரிந்தது, பாதிப் பேருக்குத் தெரியவில்லை. படித்தவர் படிக்காதவர் என்றோ, கடலுக்குப் போகிறவர் கடைக்குப் போகிறவர் என்றோ அதில் கணக்கு எதுவும் இல்லை. ஒரே வலையை இழுத்த இரண்டு பேரில் ஒருவனுக்குத் தெரிந்தது, மற்றவனுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் மாமியார் காலைக் கட்டிலின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள், மருமகள் அந்தத் தண்ணீருக்குள்ளேயே குத்தவைத்து உட்கார்ந்து, இடுப்பளவு கடலில், மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் ஆச்சரியப்பட்டவர்கள் இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள். பிச்சைக்கனி கடையில் இருந்த இரண்டு பெஞ்சில் ஒன்றைச் செங்கல் வைத்து உயர்த்தினார். தெரிகிறவர்கள் உயர்ந்த பெஞ்சிலும் தெரியாதவர்கள் தாழ்ந்த பெஞ்சிலும் உட்கார்ந்து ஒரே டீயைக் குடித்தார்கள். நாய்கள் மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தன. நாய்க்கே தெரிகிறது என்று ஒரு தரப்பு சொன்னபோது, எந்த வீட்டு நாய் என்று பார்த்தீர்களா, அந்த வீட்டில் எந்தக் கட்சிக் கொடி என்று பார்த்தீர்களா என்று மறுதரப்பு கேட்டது. கீழத்தெருப் பெண்கள் விடியலில் போட்ட கோலங்கள் தண்ணீர் வந்தபிறகு அடியில் கலையாமல் கிடந்து நெளிந்தன, அந்த நெளிவுக்குத் தகுந்தாற்போல் சிலர் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கப் பழகினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதிய உணவுத் தட்டை மிதக்கவிட முடியுமா என்று பார்த்தார்கள், தட்டு மிதக்கவில்லை, வாத்தியார் அடித்தார். அந்த வாத்தியார் நாற்காலியில் கால் மடக்கித்தான் உட்கார்ந்திருந்தார்.

வேட்டி ஒன்றுதான் பிரச்சினையாயிற்று. சேந்தன்துறையில் ஆண்கள் தெருவில் நடக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிடுவார்கள். கை தானாகப் போய் முடிச்சை அவிழ்த்துவிடும், அதற்கு மனசின் உத்தரவு வேண்டியதில்லை. இப்போது தண்ணீர் தெரிகிறவர்களுக்கு யார் எதிரே வந்தாலும் வேட்டியை இறக்க மனம் வரவில்லை. தெரியாதவர்களோ தனியாக நடக்கும்போதுகூட வேட்டியைத் தரையில் புரளவிட்டு நடந்து தங்கள் கட்சியைக் காட்டினார்கள். அவமரியாதை என்று இரண்டு பஞ்சாயத்து நடந்தது. பிறகு ஊர்ப் பெரியவர்களில் தண்ணீர் தெரிந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து, தாங்களே திண்டின் மேலோ படியின் மேலோ ஏறி நின்றுகொண்டு, கீழே நிற்கிறவன் வேட்டியைப் பாதி இறக்கினாலே போதும் என்று மரியாதையைப் பாதியாக வாங்கிக்கொண்டார்கள்.

விஷயம் கட்சிகளின் கைக்குப் போனது அதன்பிறகுதான். மாவட்டத் தொலைக்காட்சியில் ‘காலநிலை மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறதா’ என்று நான்கு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். காலநிலை மாற்றம் என்பது புள்ளிவிவரச் சமாச்சாரம், அது தெருவில் நடந்து வருகிற பொருள் இல்லை என்று ஆளுங்கட்சி சொல்லிற்று. பேரப்பிள்ளைகள் காலத்தில் வரவேண்டிய கடல் முன்னதாகவே வந்து நிற்கிறது, கண் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று எதிர்க்கட்சி சொல்லிற்று. ஆளுங்கட்சி உடனே இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தி, தண்ணீர் தெரிகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி கொடுத்தது. கண்ணாடி போட்டபிறகு அவர்களுக்கு மீன்களின் செதில்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எதிர்க்கட்சி வெள்ள நிவாரணம் கேட்டு மறியல் செய்தது. அந்த வாரம் தண்ணீர் தெரிகிறவர்களின் தொகை திடீரென்று கூடி, நிவாரணம் இல்லை என்று அறிவிப்பு வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிற்று.

“வாடகைக்கு வீடு பார்க்க வர்றவங்க மாதிரிதான்” என்று பிச்சைக்கனி மட்டும் இரண்டு பெஞ்சுக்கும் பொதுவாகச் சொன்னார். “முன்னாடியே வந்து ரூம் ரூமா பார்த்துட்டுப் போகுது. பிடிச்சிருந்தா குடிவரும்.”

தில்லைநாயகியின் அண்ணன் மாசிலாமணிதான் எதிர்க்கட்சியின் நகரச் செயலாளர். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி ஊர்வலம் போனவர்களில் முதல் ஆள். அவள் கணவர் உலகநாதன் ஆளுங்கட்சியின் நகரச் செயலாளர். அவருக்குத் தண்ணீர் உண்மையாகவே தெரியவில்லை. கட்சிக்காகத் தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர் அந்த வகை இல்லை. காலையில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, தொங்கவிட்ட கால்களைச் சுற்றி மீன்கள் கூடி ஆடுசதையைக் கொத்தும். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலைச் சொறிந்துகொள்வார். கொசு என்பார். தில்லைநாயகி காபியை நீட்டிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போவாள். தனக்குத் தெரிகிறது என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

சொல்லாததற்குக் காரணம் ஆஸ்பத்திரி.

சேந்தன்துறையில் பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது. மாவட்டத் தலைநகருக்குப் போகவேண்டும், போகிற வழி உப்பளங்களுக்கு நடுவே குண்டும் குழியுமாக நீளும், பிள்ளைகள் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. இந்த ஊர்க்காரர்களிடம் பிறந்த இடம் எது என்று கேட்டால் வண்டியைச் சொல்வார்கள். டவுன் பஸ்ஸில் பிறந்தவர்கள், ஆட்டோவில் பிறந்தவர்கள், டிராக்டரில் பிறந்தவர்கள் என்று வகுப்பில் தனித்தனிக் கூட்டமே உண்டு. தில்லைநாயகியின் மகள் உப்பு லாரியில், மூட்டைகளுக்கு மேல் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை, உதட்டை நக்கினாள். அந்த லாரியில் மல்லாந்து கிடந்து, வானத்தில் ஓடும் கம்பிகளைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் தில்லைநாயகி அரசியலுக்கு வந்தாள். தேர்தலில் நின்றது ஆஸ்பத்திரிக்காக, ஜெயித்தது ஆஸ்பத்திரிக்காக, எந்த அலுவலகத்தின் எந்த வராந்தாவில் எந்த நாற்காலி ஆடும் என்று தெரிகிற அளவுக்கு அலைந்து ஒருவழியாக அனுமதி வாங்கியதும் அதற்காக.

அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஊரில் இருந்த ஒரே அரசு நிலம் பழைய உப்புக் கிடங்கு மைதானம். அது கடற்கரைப் பக்கம், பள்ளம். அங்கே தண்ணீர் நிற்பதில்லை என்று பேரூராட்சி தீர்மானம் போட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரி பக்கத்து ஊருக்குப் போகும்.

“போட்டுடு” என்றார் உலகநாதன். “இல்லாத தண்ணியை இல்லைன்னு எழுதுறதுல என்ன இருக்கு?”

“எழுதாதே” என்றார் மாசிலாமணி, கூட்ட அரங்கில் தன் இருக்கையிலிருந்து எழுந்து. வீட்டில் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுகிறவர் அரங்கில் தலைவர் அவர்களே என்றுதான் சொல்வார், அன்று மறந்துபோனார். “இன்னைக்கு இல்லைன்னு எழுதிட்டு, நாளைக்குப் பச்சப்பிள்ளைக்காரிங்களைத் தண்ணிக்குள்ள படுக்க வைப்பியா?”

“எந்தத் தண்ணி மச்சான்?” என்றார் உலகநாதன், பார்வையாளர் வரிசையிலிருந்து.

“உங்க காலைக் கடிக்குதே, அது வாழுற தண்ணி மாப்ளே.”

“கொசு எங்க வாழும்னு சாக்கடையைப் போய் பாருங்க. அதுவும் உங்க வார்டுதான்.”

உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். தலைவியின் ஓட்டு மிச்சமிருந்தது. தண்ணீர் இருக்கிறது என்று எழுதினால் ஆஸ்பத்திரி போய்விடும். இல்லை என்று எழுதினால் ஆஸ்பத்திரி வரும், கடலும் வரும். தில்லைநாயகி மேசைக்கடியில் தன் பாதங்களைப் பார்த்தாள். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நண்டு நின்று கொடுக்கைத் தூக்கி, பதில் சொல்லு என்பதுபோல் அவளைப் பார்த்தது. பொறியாளர் வந்து இடத்தைப் பார்க்கட்டும், பிறகு ஓட்டு என்று சொல்லிக் கூட்டத்தை ஒத்திவைத்தாள்.

பொறியாளர் வருகிற நாளுக்கு முந்தின நாள் முழுக்க உலகநாதன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்தில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை ஒன்று விடாமல் வெட்டினார். ஒரு முள் இல்லை, ஒரு குச்சி இல்லை. காய்ந்து வெடித்த தரையைப் பெருக்கவே செய்தார். பிறகு தன் கட்சிக்காரர்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்:

“வர்றவர் பெரிய அதிகாரி. ஒருத்தனும் வேட்டியை மடிச்சுக் கட்டக் கூடாது. தரையில புரளணும். புரியுதா?”

புரிந்தது என்றார்கள்.

பொறியாளர் சத்தியசீலன் ஒல்லியான மனிதர், எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு சுருட்டிய வரைபடம். வெயில் நன்றாக ஏறியபிறகு வந்தார். தண்ணீரும் அந்நேரம் நன்றாக ஏறியிருந்தது. தில்லைநாயகி அவருக்கு முன்னால் வழிகாட்டி நடந்தாள். பின்னால் ஆளுங்கட்சி உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னால், நடக்கப்போகும் அநியாயத்தைக் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்ல மாசிலாமணியும் அவருடைய ஆட்களும். இன்றைக்கு அவர்களும்கூட வேட்டியை இறக்கித்தான் விட்டிருந்தார்கள். எதிர்க்கட்சியானாலும் வந்திருப்பவர் அதிகாரி. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. தில்லைநாயகி சேலையைத் தொடவில்லை. எப்போது வேலை ஆரம்பிக்கும், எத்தனை படுக்கை, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டே போனாள். பேச்சு ருசியில், மைதானத்தின் நடுவில் பழைய கிடங்கின் வடிகால் ஓடிய பள்ளத்தை மறந்துபோனாள்.

பள்ளத்தில் கால் வைத்ததும் தண்ணீர் சில்லென்று தொடைக்கு ஏறிற்று. அவள் கை தானாகப் போய்க் கொசுவத்தை அள்ளித் தூக்கிற்று.

அடுத்த கணம் பின்னாலிருந்து ஒரு சத்தம், புறாக்கூட்டம் ஒரே நேரத்தில் சிறகடித்தது போல. திரும்பிப் பார்த்தாள். அவள் தூக்கியதைப் பார்த்ததும், பள்ளம் வருகிறது என்று புரிந்துகொண்ட அத்தனை ஆண்களும் குனிந்து வேட்டி நுனியைப் பிடித்து மடித்துக் கட்டியிருந்தார்கள். மாசிலாமணியின் ஆட்கள் மட்டுமல்ல. ஆளுங்கட்சியின் ஏழு உறுப்பினர்களும் கட்டியிருந்தார்கள். கண் சிகிச்சை முகாமைத் திறந்துவைத்துப் பேசிய வார்டுச் செயலாளர் எல்லாரையும்விட உயரமாகக் கட்டியிருந்தார். அத்தனை வெறுங்கால்களுக்கு நடுவில் உலகநாதனின் வேட்டி மட்டும் தரையில் வெள்ளையாகப் புரண்டது. அவர் தன் ஆட்களின் முழங்கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தியசீலன் வரைபடத்தை அக்குளில் செருகினார்.

“என்ன இது? அதிகாரி வந்து நிக்கிறேன், மொத்தப் பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டுறீங்க. உங்க ஊர்ல இதுதான் மரியாதையா?”

“முள்ளுங்க ஐயா” என்றார் ஒருவர்.

சத்தியசீலன் தரையைப் பார்த்தார். பெருக்கிய தரை. ஒரு முள் இல்லை.

“எங்க முள்ளு? எடுத்துக் காட்டுங்க.”

யாரும் எடுக்கவில்லை. பக்கத்து ஊரின் பெயர் தில்லைநாயகியின் காதில் மணி போல அடித்தது. அவள் கொசுவத்தை இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

“அளவு காட்டுறோம் ஐயா.”

“என்ன அளவு?”

“ஆஸ்பத்திரித் தரை எந்த உயரத்துல வரணும்ங்கிற அளவு. வாயால சொன்னா ஆபீசுக்கு ஆபீஸ் மாத்தி எழுதிடுறாங்க. அதான் ஊரே சேர்ந்து கால்ல காட்டுறோம். நீங்க மறக்க மாட்டீங்க பாருங்க.”

சத்தியசீலன் அவளையும் வரிசையையும் பார்த்தார். மாசிலாமணி இருமினார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆளுங்கட்சி முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இல்லையென்று சொல்கிறது என்பதற்கு அவர் இத்தனை மாதம் தேடிய சாட்சியம் மடித்துக் கட்டிய வேட்டிகளாக அவர் கண்முன் நின்றது. தங்கை கொசுவத்தை இறக்காமல் பிடித்திருப்பதைப் பார்த்தார். அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்று அந்த உப்பு லாரிக்குப் பின்னாலேயே சைக்கிளில் மிதித்துக்கொண்டு போனவர் அவர்தான்.

“தலைவரம்மா தப்பா காட்டுறாங்க ஐயா” என்றார். “இது பத்தாது.” தன் வேட்டியை இன்னொரு மடிப்பு மேலே ஏற்றினார். “இவ்வளவாவது வேணும்.”

“அவ்வளவு வேணும்னா எங்களுக்கும் சம்மதம்தான்” என்றார் ஆளுங்கட்சி வார்டுச் செயலாளர், தானும் ஏற்றிக்கொண்டு.

வரிசை முழுக்க இன்னொரு மடிப்பு மேலே போனது. பட்டாபட்டி டிரவுசர்கள் பலவண்ணத்தில் தெரிந்தன.

“போதும், போதும்” என்றார் சத்தியசீலன் கையை உயர்த்தி. பிறகு குரல் மாறிக் கேட்டார்: “தரையை எதுக்கு அவ்வளவு தூக்கணும்? இங்க தண்ணி நிக்குமா?”

மைதானத்தில் மீன் துள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது, கேட்டவர்களுக்கு.

“தண்ணியா?” என்றார் உலகநாதன். வேட்டி புரள நடந்து முன்னால் வந்தார், பள்ளத்துக்குள்ளேயே வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். “இங்க ஏதுங்க தண்ணி? நான் இந்த ஊர்லயே பிறந்தவன், என் காலைப் பாருங்க. தரையைத் தூக்கச் சொல்லலை ஐயா. தூண் போட்டு மேல கட்டச் சொல்றோம். கீழ வண்டி நிக்கணும்.”

அந்த மைதானத்தில் பொய் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வராது. சத்தியசீலனுக்கும் வரவில்லை.

“வண்டி நிக்கணும்னா எவ்வளவு உயரம்?”

“பஸ் நுழையிற உயரம்.”

“ஆஸ்பத்திரிக்கு அடியில பஸ் எதுக்கு?”

“எங்க ஊர்ல பிரசவம் பஸ்லதான் ஐயா வரும்” என்றார் உலகநாதன்.

சத்தியசீலன் சிரித்துவிட்டார். வரைபடத்தை விரித்துத் தூண்களுக்குப் புள்ளி வைத்தார். தூண்மேல் கட்டடம் என்றால் தண்ணீர் பற்றி எழுதவேண்டியதில்லை, தூணுக்குத் தீர்மானம் போட்டால் போதும் என்றார்.

மறுநாள் காலை உலகநாதன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடியில் விரிக்காமல் கிடந்தது. தில்லைநாயகி காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“எல்லாருக்குமே தெரியுது” என்றார் அவர். “என் கட்சிக்காரன் அத்தனை பேருக்கும். எனக்கு மட்டும்தான் தெரியலை.”

“அப்படிச் சொல்லாதீங்க. பாதி ஊருக்குத் தெரியலை.”

“உனக்கு?”

அவள் பக்கத்துப் படியில், சேலையை ஒதுக்கி, கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அதைப் பார்த்தார்.

“இப்ப என் காலைச் சுத்தி என்ன இருக்கு? மறைக்காம சொல்லு.”

“மீனு.”

“என்ன மீனு?”

“மடவை. ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும். உங்ககிட்டதான் கூட்டம். வேற யார்கிட்டயும் இப்படி வர்றதில்லை.”

“பெருசா?”

“குழம்புக்கு ஆகும்.”

உலகநாதன் தன் கால்களை, காய்ந்த சிமெண்டுத் தரையில் இருந்த தன் இரண்டு கால்களை, நெடுநேரம் பார்த்தார். பிறகு காலைச் சொறிய நீண்ட கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“கட்சிக்கு இது தெரியவேண்டாம்” என்றார்.

“எது?”

“எனக்குத் தெரியலைங்கிறது.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. அதில் தண்ணீர் என்ற சொல் எங்கும் இல்லை; வாகனங்கள் நிறுத்துவதற்கு வசதியாகத் தூண்களின் மேல் கட்டடம் என்று மட்டும் இருந்தது. ஊரில் வண்டி நிறுத்த இடம் கண்ட தலைவியே என்று ஆளுங்கட்சி சுவரொட்டி அடித்தது. கடலுக்கு வழிவிட்ட தீர்மானம், எதிர்க்கட்சிக்கு வெற்றி என்று அதற்குப் பக்கத்திலேயே மாசிலாமணி ஒட்டினார். இரண்டையும் ஒட்டிய பசை ஒரே வாளியில் இருந்தது. டீக்கடையில் இரண்டு பெஞ்சுக்காரர்களும் தூண்கள் எவ்வளவு உயரம் வரும் என்பதைப் பற்றி ஒரே ஆவலோடு பேசினார்கள். காரணத்தைத்தான் வேறு வேறாகச் சொன்னார்கள். கீழத்தெருவில் சிலர் வீடு கட்டும்போது தூண் போட்டார்கள், மாடு கட்ட என்றார்கள், ஊஞ்சல் போட என்றார்கள், காற்றுக்கு என்றார்கள். யாரும் யாரையும் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விடுவது அந்த வருஷத்தில் சேந்தன்துறையின் புதிய மரியாதையாயிற்று.

அடிக்கல் நாட்ட அமைச்சர் வந்தார். காலையில் வரவேண்டியவர் வழியெல்லாம் மாலை வாங்கிக்கொண்டு பிற்பகலில் வந்ததால் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. அவருடைய கார் தார்ச்சாலை மேட்டிலேயே நின்றது. உப்புக் கிடங்கு மைதானத்தில் பலகை அடித்துப் போட்ட மேடை, சீரியல் விளக்கு, இரண்டு பக்கமும் வாழைமரம். மேளக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று வாசித்தார்கள். கர்ப்பிணிப் பெண்கள் எல்லாருக்கும் முன்வரிசையில் இடம் போட்டிருந்தார் உலகநாதன். அவர்களில் பாதிப் பேர் காலை மடக்கி உட்கார்ந்தார்கள், அவர் அதைப் பார்த்து ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

தில்லைநாயகி பேசியது கொஞ்சம். இனிமேல் இந்த ஊர்ப் பிள்ளைகள் வண்டி நம்பரைச் சொல்லாமல் ஊர் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அவ்வளவுதான், மைக்கை விட்டு நகர்ந்துகொண்டாள். மேடைக்குக் கீழே மாசிலாமணி கைதட்டத் தொடங்கினார், எதிர்க்கட்சிக்காரர் கைதட்டுவதைப் பார்த்து ஆளுங்கட்சிக்காரர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அமைச்சர் நீளமாகப் பேசினார். “சேந்தன்துறையில் கடல் இருக்கிறது என்கிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். கிழக்கே இருக்கிறது. இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. காலநிலை மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்கிறவர்களைக் கேட்கிறேன், எங்கே தெரிகிறது? காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்” என்றார். சிரிப்பு எழுந்தது. யாரும் எதையும் காட்டவில்லை. செங்கல்லில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் கையால் எடுத்துத் தரச்சொல்லி வாங்கி, அமைச்சர் அதைக் குழியில் வைத்தார்; முழங்கையளவு தண்ணீருக்குள் அந்தச் செங்கல் இறங்கி மண்ணில் அமர்வதைத் தில்லைநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். குலவைச் சத்தம் எழுந்தது.

அமைச்சர் கிளம்பும் நேரத்தில் கீழத்தெருவிலிருந்து ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினாள். கையில் மூன்று மாதக் குழந்தை. தலைவர்கள் வந்தால் பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்வது வழக்கம். அதற்காகவே அவள் பெயரில்லாமல் வைத்திருந்தாள்.

“பொண்ணுங்க ஐயா. ஆட்டோவில பொறந்துச்சு.”

அமைச்சர் வாங்கிக்கொண்டார். பழக்கப்பட்ட கை, குழந்தை அழவில்லை. காதருகே குனிந்து தமிழ்ப்பாவை, தமிழ்ப்பாவை, தமிழ்ப்பாவை என்று மூன்றுமுறை சொன்னார். மைக்கிலும் சொன்னார். புகைப்படக்காரர்கள் இன்னொன்று, ஐயா இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள், அவரும் அவர்களுக்காகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கார் இருக்கும் பக்கம் நடந்தார். மேளம் மறுபடி தொடங்கிற்று. தில்லைநாயகி நன்றியுரைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள், மாசிலாமணியும் உலகநாதனும் மாலைகளை யார் எடுத்துப்போவது என்று வாக்குவாதத்தில் இருந்தார்கள், ஜனங்கள் மிக்சர் பொட்டலம் கொடுக்கிற பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அமைச்சர் மேடையின் கடைசிப் படியில் ஒரு கணம் நின்றார். குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளுக்கு ஏற்றினார். அதன் இரண்டு பாதங்களையும் ஒரு கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மைதானத்தை மெதுவாகக் கடந்து, தார்ச்சாலை மேட்டில் ஏறியபிறகு இறக்கி அதன் தாயிடம் கொடுத்தார்.